மறைக்கு இடந்தராத வினா: கணினி நினைவூட்டலின் மொழி பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் காப்பியமும் கவிதையும் புதினமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு சமுதாயம் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கும் எழுத்து இலக்கியம் அன்று. அறிவிப்பு, விண்ணப்பம், சுற்றறிக்கை, விளம்பரம் ஆகியவையே மக்கள் கண்முன் ஓயாது நிற்கும் எழுத்துகள். இவை மொழியால் ஆனவை. மொழியால் ஆனது எதுவாயினும் அது ஆய்வுக்கு உரியதே. சொல் எவ்வாறு ஆளப்படுகிறது, பேசுவோன் யார், கேட்போனுக்கு எத்துணை இடம் தரப்படுகிறது என்னும் வினாக்களை ஒரு செய்யுளின்மேல் எழுப்பும் நாம், ஓர் அறிவிப்பின்மேலும் எழுப்புதல் வேண்டும்.

அத்தகைய எழுத்துகளுள் இன்று நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் தானே வந்து புகுவது, கணினித் திரையில் தோன்றும் நினைவூட்டல். ‘உங்கள் இயங்குதளம் பழையது, புதியதற்கு மாறுங்கள்’ என்னும் பொருள்பட அது பேசுகிறது. அழைக்காமல் வருகிறது; மூடினாலும் மீண்டும் வருகிறது. அதன் தொழில்நுட்பத்தைக் கணினி வல்லார் ஆராயட்டும். அதன் மொழியை ஆராயும் பொறுப்பு தமிழ் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. அம்மொழியை நம் இலக்கணக் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட பொருள்

முதலில் நிகழ்ந்ததைச் சுருக்கமாக அறிதல் நலம். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 ஆகிய இயங்குதளங்களைக் கொண்ட கணினிகளின் திரையடியில் ஒரு சிறு சின்னம் தோன்றியது. அதனை அங்கு வைத்தவர் கணினிக்கு உரியவர் அல்லர். வழக்கமாக வரும் திருத்தங்களோடு திருத்தமாக அது வந்து அமர்ந்தது. ஜூலை 29ஆம் நாள் வெளிவரவிருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்தை ஓராண்டுக் காலம் விலையின்றிப் பெறலாம் என்பது அது கொணர்ந்த செய்தி. அதே ஆண்டு ஏப்ரலில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் 100 கோடிக் கருவிகளில் விண்டோஸ் 10 இயங்க வேண்டும் என்னும் இலக்கினை மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்திருந்தது. அறிவிப்பின் விரைவுக்குக் காரணம் இவ்விலக்கில் இருந்தது.

காலம் செல்லச் செல்லச் சின்னம் சாளரமாயிற்று. அச்சாளரத்தில் ‘இப்போதே மாறு’ என ஒரு பொத்தானும், ‘இன்றிரவு மாறு’ அல்லது ‘இப்போது இறக்கிக்கொள், பின்னர் மாறு’ எனும் பொருளில் மற்றொரு பொத்தானும் இருந்தன. ‘வேண்டா’ என்பதற்குப் பொத்தான் இல்லை. மூலையிலிருந்த பெருக்கற்குறியை அழுத்திச் சாளரத்தை மூடுவதே மறுக்க விரும்பியோர் கண்ட ஒரே வழி. 2016இல் அவ்வழியும் பொருள் மாறிற்று. மாறுவதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்து அறிவித்த சாளரத்தைப் பெருக்கற்குறியால் மூடியவர், குறித்த நேரத்துக்கு உடன்பட்டவராகவே கொள்ளப்பட்டார். உறங்கி எழுந்தபோது தம் கணினி வேறொரு முகம் காட்டியதைக் கண்டு திகைத்தோர் பலர். கண்டனம் பெருகியபின், அவ்வாண்டு ஜூன் இறுதியில்தான் விலையில்லா வாய்ப்பை மறுப்பதற்கென்று தெளிவான ஒரு வழி அறிவிக்கப்பட்டது. வாய்ப்பு முடிவதற்கு அப்போது ஒரு மாதமே எஞ்சியிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விரும்பாத மாற்றத்தால் தம் தொழிற்கணினி பழுதுற்றது என வழக்குத் தொடுத்த ஒருவர்க்கு 10,000 டாலர் இழப்பீடு கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. முயற்சி அளவு கடந்து போயிற்று என நிறுவனத்தின் சந்தைத்துறைத் தலைவரே அவ்வாண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார்.

அதன்பின்னும் நினைவூட்டல் ஓயவில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. மறுநாள் முதல் அதனை விடாது வைத்திருந்தோர் பலரின் திரை முழுவதையும் மறைத்து ஓர் அறிவிப்பு எழுந்தது. 2021 அக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிவுற்றது. இம்முறை ஒரு புதிய முரண்பாடும் சேர்ந்தது. டிபிஎம் 2.0 எனப்படும் காப்புச் சில்லும், ஏறத்தாழ 2017ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிற்பட்ட செயலியும் இல்லாத கணினி, விண்டோஸ் 11க்குத் தகுதி உடையதன்று என்பது விதி. ஆகவே பழைய கணினி வைத்திருப்பவரிடம் ‘மாறுக’ என்கிறது அறிவிப்பு, ‘எவ்வாறு மாறுவது?’ என்றால் ‘உம் கணினிக்குத் தகுதியில்லை’ என்கிறது.

வினாவின் வகை

நன்னூலார் வினாவினை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பவை அவை. ஐந்தாம் படிவ மாணவரும் அறிந்த பாகுபாடு இது. வினாவின் வடிவத்தை அன்றி, வினவுவோன் உள்ளத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதே இப்பாகுபாட்டின் சிறப்பு. ‘உன்னிடம் சட்டை இருக்கிறதா?’ என்னும் ஒரே தொடர், தர விரும்புவோன் வாயில் கொடை வினா. வாங்க வந்தவன் வாயில் கொளல் வினா. ஆக, சொல்லைக் கொண்டு மட்டும் வினாவின் இனத்தைத் துணிய இயலாது. வினவுவோனுக்கு வேண்டுவது யாதென ஆராய்தல் வேண்டும்.

நினைவூட்டல் சாளரம் தன்னைக் கொடை வினாவாகவே காட்டிக்கொள்கிறது. ‘இலவசம்’ என்னும் சொல் அதன் முகப்பில் நிற்கிறது. கொடுப்பவன் பணிவும் கொடையின் பெருமையும் அங்கே உள்ளன. ஆயின் சற்று உள்ளே நோக்கினால் அது கொளல் வினாவாதலைக் காணலாம். 2015இல் நிறுவனம் பெற விழைந்தது 100 கோடி என்னும் எண்ணிக்கை. 2025இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தபின், 2026 அக்டோபர் 13 வரை காப்புத் திருத்தங்களை நீட்டித்துப் பெறுவதற்கு மூன்று வழிகள் தரப்பட்டன. 30 அமெரிக்க டாலர் செலுத்துவது ஒன்று. நிறுவனத்தின் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்த்த 1,000 புள்ளிகளைக் கொடுப்பது மற்றொன்று. கணினி அமைப்புகளை நிறுவனத்தின் கணக்கு வழியே அதன் சேமிப்பகத்தில் ஒப்படைப்பது மூன்றாவது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழ்வோர்க்கு இவ்விதி தளர்த்தப்பட்டது. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் வாழ்வோர்க்கு அத்தளர்வு இல்லை. பணமோ, பழக்கமோ, கணக்கோ, ஏதேனும் ஒன்று கைம்மாறாகச் செல்கிறது. கொடுக்கல் வாங்கல் உலகியல்பு. அதனைக் குறை கூற வேண்டுவதில்லை. வாங்குதலைக் கொடையெனப் பெயரிட்டழைப்பதே குறை.

மூடும் குறியை உடன்பாடாகக் கொண்ட அந்நாள்களில் சாளரம் தன் மூன்றாம் வடிவத்தை எய்தியது. அது முழுமையான ஏவல் வினா. ‘வீட்டுப்பாடம் எழுதினாயா?’ என ஆசிரியர் கேட்பதில் எழுதுக என்னும் ஏவல் உள்ளடங்கி நிற்பது போல, ‘எப்போது மாறுவீர்?’ என்பதில் மாறுக என்னும் ஏவல் அடங்கி நின்றது. கொடையாய்த் தொடங்கிக் கொளலாய் நடந்து ஏவலாய் முடிந்த ஒரு வினாவின் வரலாறு இது.

விடையின் வகை

வினாவைக் காட்டிலும் விடைப் பகுதியில் நம் இலக்கணம் இன்னும் வளமானது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டாகும். முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடை தருவன. மறை என்பது மறுப்பு. நேர் என்பது உடன்பாடு. எட்டனுள் இரண்டாம் இடத்திலேயே மறுப்பை வைத்துள்ளமையை நோக்குக. கேட்கப்பட்டவன் மறுக்கவும் கூடும் என்பது நம் இலக்கணத்திற்கு விதிவிலக்கன்று. வினா விடையின் இயல்பு அது.

மாற்றம் விரும்பாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் இவ்வினாவை ஒரு மனிதர் நேரில் கேட்பதாகக் கொள்வோம். ‘இயங்குதளத்தை மாற்றுகிறீர்களா, ஐயா?’ என்பது வினா. அவர் ‘மாற்றேன்’ எனலாம், அது மறை. ‘சென்ற முறை மாற்றியபின் அச்சுப்பொறி நின்றுபோயிற்று’ எனலாம். அது உற்றது உரைத்தல். ‘மாற்றினால் என் பழைய தமிழ்ச் செயலி இயங்காது’ எனலாம். அது உறுவது கூறல். ‘கோப்புகளை வேண்டுமானால் படியெடுத்து வைக்கிறேன்’ எனலாம், அது இனமொழி. ‘இருப்பதை வைத்துக்கொண்டு நான் வாழக் கூடாதா?’ எனலாம், அது வினா எதிர் வினாதல். ‘நீரே உம் கணினியை மாற்றிக்கொள்ளும்’ எனலாம், அது ஏவல். இவை அனைத்தும் அறிவுடைய விடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருக்கிறது. வினவியவர் அறிவுடையவராயின் அக்காரணத்தைக் கேட்டுத் தம் அறிவுரையைத் திருத்திக்கொள்வார்.

சாளரத்தின் முன் இவற்றுள் எதற்கும் இடமில்லை. ‘இப்போது’, ‘பின்னர்’ என்னும் இரண்டும் ‘நேர்’ என்னும் ஒரே விடையின் இரு காலங்கள். காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்படுகிறது. செயலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்படவில்லை. பிற்காலத்து விண்டோஸ் 11 அழைப்பில் ‘இப்போதைக்கு விண்டோஸ் 10இலேயே இருக்கிறேன்’ எனும் பொருளில் ஒரு தேர்வு இடம்பெற்றது. முன்னையதினும் இது நன்று. எனினும் ‘இப்போதைக்கு’ என்னும் ஒரு சொல் அம்மறுப்பின் வேரை அறுத்துவிடுகிறது. பயனர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைத்து, அவரையே சொல்லச் செய்கிறது. இவ்வாறு பயனரை அவர் விரும்பாத திசையில் செலுத்தும் திரையமைப்புகளுக்கு ‘இருட்டுக் கோலம்’ எனப் பொருள்படும் பெயரை 2010இல் ஹாரி பிரிக்னல் என்பார் இட்டு வழங்கினார். பெயர் புதிது, சூது பழையது.

நம் அகத்திணை மரபினை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன், பாணனையோ பாங்கனையோ வாயிலாக அனுப்புகிறான். வந்த வாயில் இனிய சொற்களைப் பேசுகிறான். தலைவியோ தோழியோ அவனை மறுத்து அனுப்புகின்றனர். ‘வாயில் மறுத்தல்’ என இதற்கொரு தனித் துறையே அமைந்தது. மறுப்புக்குப் பின் ஊடல் தணிந்து ‘வாயில் நேர்தல்’ நிகழ்வதும் உண்டு. மறுக்கும் உரிமை மெய்யாக இருந்தமையால்தான் நேர்தலுக்குப் பொருளும் சுவையும் உண்டாயின. மறுக்க இயலாத இடத்தில் உடன்பாடு என்பது வெறும் சொல். சாளரமும் ஒரு வாயிலே; ஆனால் மறுத்தவுடன் போவதறியாத வாயில்.

சொற்களின் உள்ளீடு

இனி இத்துறையில் வழங்கும் தமிழ்ச்சொற்கள் சிலவற்றை நோக்குவோம். ஓர் இயங்குதளத்தின் அடுத்த பதிப்புக்கு மாறுவதை ‘மேம்படுத்தல்’ என்கிறோம். மேம்படுதல் உயர்வடைதல் ஆகும். எனவே, புதியது உயர்ந்தது என்னும் முடிபு, சான்று கேட்கப்படுவதற்கு முன்பே சொல்லுக்குள் வைக்கப்பட்டுவிட்டது. ‘மேம்படுத்த வேண்டா’ என்பவன் உயர்வை வேண்டாதவனாகத் தோன்றுகிறான். வாதத்தில் வென்றபின் பெறவேண்டியதைப் பெயரிடும்போதே பெற்றுவிடும் உத்தி இது. ‘பதிப்பு மாற்றம்’ என நடுநிலையாகச் சொல்லியிருப்பின் நன்மை தீமை இரண்டையும் ஆராய வாய்ப்பு இருந்திருக்கும்.

‘இற்றைப்படுத்தல்’ என்னும் சொல் இதனினும் நேர்மையானது. இற்றை என்பது இன்று எனப் பொருள்படும் பழஞ்சொல். இன்றைய நிலைக்குக் கொணர்தல் என்பதற்கு மேல் அது உறுதி கூறவில்லை. எனினும் நம் பேச்சுவழக்கில் ‘இற்றுப்போதல்’ என்பது நைந்து அறுதலைக் குறிக்கும் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளலாம். சில வேளைகளில் இற்றைப்படுத்தியபின் கணினி இற்றுப்போவதும் உண்டன்றோ!

‘நினைவூட்டல்’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. நினைவூட்டுவதற்கு முன் மறதி இருத்தல் வேண்டும். மருந்துண்ணும் வேளையை மறந்தவர்க்கு நினைவூட்டலாம். மறவாதிருந்து, ஆராய்ந்து, வேண்டாவென முடிவு செய்தவர்க்கு எதனை நினைவூட்டுவது? மறத்தல் வேறு, மறுத்தல் வேறு. மறுத்தவரை மறந்தவராகக் கருதி நடத்துவதே இச்சாளரத்தின் அடிப்படைப் பிழை. ஓர் எழுத்து வேறுபாட்டில் ஒரு மனிதரின் அறிவும் உரிமையும் அடங்கியுள்ளன.

பேராக் மண்ணும் மறுநடவும்

பேராக் மாநிலத்தார்க்கு இக்குரல் புதியதன்று. 1877இல் கோலாகங்சாரில் ஊன்றப்பட்ட இரப்பர்க் கன்றுகளின் வழி வந்த மரங்கள், பின்னாளில் இம்மாநிலத்தின் காடுகளை நிரை நிரையாக மாற்றின. நம் முன்னோர் அவற்றைக் கித்தா மரம் என்றனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்படும். அழைத்த பெயர்க்கு ‘இருக்கிறேன்’ என்பதே விடை. ஒரு மரம் 25 அல்லது 30 ஆண்டுகள் பால் தந்தபின் அதன் காலம் முடிந்ததாகக் கணக்கிடப்பட்டது. வெட்டிவிட்டு மறுநடவு செய்யப்பட்டது. 1960களிலிருந்து இரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நடப்பட்டது. அதனையொட்டித் தோட்டத் துண்டாடலும் நிகழ்ந்தது. அவ்வேளையில்தான், 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

மறுநடவு முற்றிலும் தவறு என்று எவரும் கூறார். பால் வற்றிய மரத்தை வைத்திருப்பதால் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கருதுதல் வேண்டும். எந்த மரம் இன்னும் பால் தரும், எதன் பட்டை ஓய்ந்துவிட்டது என்பதனை நாள்தோறும் அதனைச் சீவிய கை அறிந்திருந்தது. மரத்தின் ஆயுளை முடிவு செய்ததோ தொலைவிலிருந்த கணக்குப் புத்தகம். அறிந்த கையிடம் வினா கேட்கப்படவில்லை. முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது. நினைவூட்டல் சாளரத்தின் குரலும் அத்தகையதே. நாள்தோறும் கணினியைக் கையாள்பவர்க்கு அதன் வலிமையும் நலிவும் தெரியும். அதன் ஆயுளைக் குறிப்பதோ வேறொரு கண்டத்திலுள்ள அட்டவணை.

தோட்டங்கள் மறைந்தபின் அவற்றின் பெயர்களைத் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகளே. நிலம் வீடமைப்புப் பகுதியான பின்னும், மக்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் பிற நகர்ப்புறங்களுக்கும் பெயர்ந்த பின்னும், பள்ளிப் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் வாழ்கிறது. அத்தோட்டங்களின் வரலாறும், கோயில் மலர்களும், பள்ளி ஆண்டிதழ்களும், மாணவர் நாடகங்களும் 1990களில் கணினியில் தட்டெழுதப்பட்டன. இங்கேதான் இப்பொருள் நமக்கு உயிர்நிலையாகிறது.

அக்காலத்தில் தமிழுக்கு ஒரே குறியாக்கம் இருந்ததில்லை. 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு செயலி, நம் நாட்டுத் தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்கு அடித்தளமிட்டது. எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்றிருந்த குழப்பத்தை ஒழிக்க 1990களில் திஸ்கி என்னும் தரம் உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வந்த பிறகே அது பொதுவான கணினிகளுக்குள் நுழைந்தது. எனவே 1990களின் கோப்பு ஒன்றை, உரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால், தமிழுக்கு மாறாகப் புள்ளியும் கோடும் ஏறிய உரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். மேலும், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் செயலிகள், 32 பிட் விண்டோஸ் 10இல் இன்னும் இயங்க வல்லவை. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட் வடிவில் மட்டுமே வருவது. அதில் அவை இயங்கா. ஆகவே பழைய கணினியை விடாது வைத்திருப்பவர் அனைவரும் புதுமையை வெறுப்பவர் அல்லர். ஒரு தோட்டத்தின் எழுத்துச் சான்றைத் திறக்கும் கடைசிச் சாவி அவர்கள் மேசைமேல் இருக்கலாம்.

மாற்றம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. பெரியார் வழங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஆணையாக்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றன. ணா, றா, னா முதலிய எழுத்துகளும், துதிக்கை போன்ற கொம்பு பெற்றிருந்த ணை, லை, ளை, னை ஆகியவையுமாக 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. எனினும் பழைய நூல் எதுவும் படிக்க இயலாததாகிவிடவில்லை. பழைய வடிவில் எழுதிய தாத்தாவின் மடலைப் பேரன் படித்தான். புதிய வடிவில் அச்சான பாடநூலைத் தாத்தா படித்தார். ஏன் மாறுகிறது, எது மாறுகிறது, எது மாறாது என்பவை வெளிப்படையாக வாதிக்கப்பட்டன. பழையதைச் சிதைக்காமல் புதியதைப் புகுத்துதல் இயலும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

மறுபக்க நியாயம்

திறனாய்வாளன் எதிர்த்தரப்பின் வலிமையையும் எடைபோடக் கடமைப்பட்டவன். நினைவூட்டல்கள் காரணமின்றி எழுவன அல்ல. 2017 மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் பிணைமீட்பு நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டியது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் முடங்கின. அதனைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சு 14இல் வெளியிடப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அத்திருத்தத்தைச் சேர்க்காத விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் உறங்குவதை ஒக்கும். இதனை மறுப்பார் இலர்.

ஆயின் வான்னாகிரையைத் தடுத்திருக்கக் கூடியது ஒரு காப்புத் திருத்தம். புதிய இயங்குதளம் அன்று. காப்பு வேறு, பதிப்பு மாற்றம் வேறு. இவ்விரண்டையும் ஒரே வாயிலின் வழியே, ஒரே குரலில், ஒரே தோற்றத்தில் அனுப்பியதே பெருந்தவறு. 2016இல் விரும்பாத மாற்றத்திலிருந்து தப்புவதற்காகச் சிலர் எல்லா இற்றைப்படுத்தல்களையும் நிறுத்திவிட்டனர். ஏவலைத் தடுக்கப் புகுந்தவர்கள் காப்பையும் இழந்தனர். ‘புலி வருகிறது’ என ஓயாது கூவிய சிறுவன் கதையை நாம் தொடக்கப்பள்ளியில் கற்பிக்கிறோம். மெய்யான எச்சரிக்கையின் மதிப்பைக் குலைப்பது, விளம்பரத்தை எச்சரிக்கையாக உடுத்தி அனுப்பும் செயலே. நினைவூட்டலின் மிகைமொழியால் முதலில் கெடுவது நினைவூட்டலின் நம்பகமே.

செய்யத்தக்கன

குறைகூறி அமைதல் திறனாய்வுக்கு அழகன்று. பழைய கணினி வைத்திருக்கும் ஆசிரியரும் சங்கத்தாரும் செய்யத்தக்கன சில உள. முதலாவது, வந்தது காப்புத் திருத்தமா, பதிப்பு மாற்றமா என்று படித்து அறிதல். முன்னதை ஏற்பதும் பின்னதை ஆராய்வதும் தக்க நெறி. விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில், கணினி எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்பதைக் கொள்கை அமைப்பின் வழியே குறித்துவிடலாம். குறித்தபின், அப்பதிப்புக்கான ஆதரவு முடியும் வரை, அது அப்பதிப்பிலேயே நிற்கும், அதற்குரிய திருத்தங்களை மட்டும் பெறும். இரண்டாவது, பழைய குறியாக்கக் கோப்புகளை மூலவடிவிலேயே ஒரு படியும், ஒருங்குறிக்கு மாற்றி ஒரு படியும், அச்சிட்டு ஒரு படியும் வைத்தல். மாற்றும்போது சொற்கள் சிதையக் கூடும். தமிழறிந்தார் ஒருவர் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. மூன்றாவது, ஆதரவு முடிந்த கணினியைப் பழைய கோப்புகளுக்காக மட்டும் வைத்துக்கொள்வதாயின், அதனை இணையத்திலிருந்து துண்டித்து வைத்தல். நான்காவது, விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது எனப்பட்ட கணினியை உடனே குப்பைக்கு அனுப்பாது, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பார்த்தல். அவற்றில் ஒருங்குறித் தமிழ் நன்கு இயங்கும்; பள்ளி மாணவர் கட்டுரை தட்டெழுத அது போதும்.

மொழி ஆசிரியர்க்கு மட்டுமே உரிய வேலை ஒன்றும் உண்டு. நல்ல நினைவூட்டல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை மாணவரை எழுதச் செய்யலாம். எடுத்துக்காட்டாக ஒன்று இவ்வாறு அமையலாம்:

‘இக்கணினியின் இயங்குதளத்திற்கு 2025 அக்டோபர் 14க்குப் பின் காப்புத் திருத்தங்கள் வாரா. புதிய பதிப்புக்கு மாறினால் அவை தொடர்ந்து வரும். மாறியபின் பழைய செயலிகள் சில இயங்காமற் போகலாம். ஆதலின் முதலில் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். மாறச் சம்மதமாயின் “மாறுகிறேன்” என்பதை அழுத்துங்கள். இல்லையெனில் “மாறவில்லை” என்பதை அழுத்துங்கள். “மாறவில்லை” என்றால் இவ்வினா மீண்டும் கேட்கப்படாது. பின்னர் மனம் மாறினால் அமைப்புகள் பக்கத்தில் இதனைக் காணலாம்.’

இதில் காரணம் இருக்கிறது; பயன் இருக்கிறது; இழப்பும் மறைக்கப்படவில்லை. நேரும் மறையும் ஒரே அளவில் நிற்கின்றன. இவ்வளவையும் சொல்ல ஒரு சிறு பத்தியே தேவைப்பட்டது. எனவே இடமின்மையால் மறுப்பு விடுபட்டது என்னும் வாதம் நில்லாது.

முடிபு

ஒரு மொழியின் நாகரிகம், அம்மொழியில் ‘இல்லை’ என்பதை எத்துணை எளிதாகவும் அச்சமின்றியும் சொல்ல இயலும் என்பதால் அளக்கப்படும். விடை வகையுள் மறைக்கு இடம் வகுத்தவர் நம் இலக்கண ஆசிரியர். வாயில் மறுத்தலைத் துறையாக்கியவர் நம் புலவர். அம்மரபின் வழிவந்த நாம், மறுப்பை அறியாத ஒரு மொழிநடையை நம் மேசைமேல் நாள்தோறும் கண்டும் அதனை இயல்பெனக் கருதிவிடலாகாது. இயங்குதளங்கள் மாறும், இன்று புதியது எனப்படுவதற்கும் ஒரு நாள் ஆதரவு முடியும். அன்றும் ஒரு சாளரம் எழும். அதன்முன் அமரும் மாணவன், அது கொடையா, கொளலா, ஏவலா எனப் பகுத்துணரவும், தன் விடை எதுவெனத் தானே தேர்ந்து சொல்லவும் கற்றிருத்தல் வேண்டும். அதனைக் கற்பிக்கும் இடம் கணினிக் கூடமன்று. நம் இலக்கண வகுப்பே.